நூற்று எழுபத்து மூன்று லிட்டர்

ஒரே ஒரு வரியை நாலு வருஷம் வாய்க்குள் பதுக்கி வைத்திருந்தவன் நீ. டீசல் திருடுகிறவனை எனக்குத் தெரியும், சீல் கம்பி அறுபடாமல் மூடியை நெம்பிக் குழாய் விட்டு உறிஞ்சுகிறவனைத் தெரியும், கிளீனராக இருந்த காலத்தில் எவன் எந்த வளைவில் நிறுத்தி எத்தனை கேன் இறக்குவான் என்பது எனக்கு மனப்பாடம், ஆனால் ஒரு வரியைத் திருடி வைத்துக்கொண்ட ஆளை இன்றைக்குக் காலை ஏழரை மணிக்குத்தான் பார்த்தேன், நீ மேனேஜராக இருக்கிற பங்க் தளத்தில், உன் கம்பளித் தொப்பிக்குக் கீழே. என் டேங்கர் மேல் நீயே ஏறினாய். மூன்று அறையிலும் டிப் ராடை இறக்கி எடுத்து, ஈரம் நின்ற இடத்தை விரலால் தொட்டுக் கணக்குப் பார்த்து, நூத்தி அம்பத்தொம்போது லிட்டர் கம்மி என்றாய். ஓட்டி வந்தது நான். டிரைவர் அம்மை போட்டுப் படுத்துவிட்டான் என்று பதினோரு வருஷத்துக்கு அப்புறம் லோடு வண்டியில் நானே ஸ்டியரிங்கைப் பிடித்து, பன்னிரண்டாயிரம் லிட்டரை மலை ஏற்றி, பாறை உருண்டு பாதை அடைபட்டதால் இரண்டு ராத்திரி கேபினிலேயே சுருண்டு கிடந்து, ஒன்றுக்கு ஒதுங்கினால்கூட வண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒதுங்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், எவன் எடுத்தான்? யோவ் என்று ஆரம்பித்தேன். நீ கையை அமர்த்தினாய், சிரித்தாய். "கோவிச்சுக்காதீங்க மொதலாளி. கீழ வெயில்ல ஏத்துறது இங்க குளிர்ல சுருங்கிரும். எடை அப்படியேதான் இருக்கும், லிட்டர்தான் கம்மியாத் தெரியும். பில்லுல டென்சிட்டி போட்டிருக்கே, பாக்கலையா? இங்க கொழல்ல புள்ளி எண்ணூத்தி முப்பத்தொண்ணு காட்டுது. வாங்க, டீ சாப்பிடுங்க." டீ சாப்பிடச் சொன்னாய். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே தளத்தில், இதே மாதிரி இரண்டு ராத்திரி பாதையில் மாட்டிக்கொண்டு வந்து நின்ற என் பழைய டிரைவர் ஆவுடையப்பனிடம் என்ன சொன்னாய்? நூத்தி எழுவத்து மூணு லிட்டர் எங்கடா என்றாய். அவனுக்கு டீ இல்லை.

டீயைத் தொடாமல் வண்டியை எடுத்துவிட்டேன். லோடோட எங்க போறீங்க, எங்க போறீங்க என்று நீ பின்னால் ஓடி வந்தது கண்ணாடியில் தெரிந்தது, தெரியட்டும், உன் வாய்ச்சொல்லை நம்பி நான் ஒரு பழைய டயர்கூட வாங்கினதில்லை, எடை அப்படியே இருக்கும் என்றாய் அல்லவா, இருக்கிறதா என்று என் கண்ணால் பார்க்க இந்தக் காய்கறி மண்டி எடைமேடைக்கு வந்து வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் மூன்று கேரட் லாரி. இருநூறு அடி தூரம். உன் பங்க்கிலிருந்து இந்த மேடைக்கு இருநூறு அடி, இங்கே உட்கார்ந்தால் உன் பெயர்ப்பலகை தெரிகிறது. உன் போன் வந்து நான் பஸ் ஏறி ஓடிவந்த அன்றைக்கும் இந்த மேடை இங்கேதான் இருந்தது. "எடை போட்டுப் பாரு செதம்பரம், எடை போட்டுப் பாரு, அதுக்கப்புறம் என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு." ஆவுடை அப்படித்தான் சொன்னான். மற்றவர்கள் முன்னால் என்னை மொதலாளி என்றுதான் கூப்பிடுவான், அன்றைக்கு மறந்து பெயரைச் சொல்லிவிட்டான், அது வேறு எனக்குச் சுருக்கென்றது, ஒரு வெளியாள் முன்னால் பெயரைச் சொல்கிறானே என்று அதில் போய் என் புத்தி மாட்டிக்கொண்டது, எடை என்ற சொல் காதுக்குள் போகவே இல்லை. கேரட்டைக் கழுவின தண்ணீர் ஓடிவந்து என் முன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. மண் வாசனை, பச்சை வாசனை, குளிரில் மூக்கு நுனி மரத்துப்போய் எல்லா வாசனையும் பாதிதான் வருகிறது. எல்லாம் சுருங்குகிறது இங்கே. இரண்டு ராத்திரி கேபினில் என் விரலில் கிடந்த மோதிரம் தொளதொளவென்று ஆடியது, கீழே போனால் சதையைக் கடிக்கும், அதைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை. மோதிரத்தைச் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டு ஆவுடையை நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த வளைவில்தானே அவனும் நின்றிருப்பான், மண் சரிந்து, இதே இருட்டில், இரண்டு ராத்திரி எவனாவது ஒருவனோடு பேரம் பேசி மூடியைத் திறந்திருப்பான் என்று நாலு வருஷமாக நான் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற படத்தில் அந்த எவனோவுக்கு முகமே கிடையாது, கை மட்டும் இருக்கும், கையில் ஒரு கேன் இருக்கும். அந்த வளைவில் இரண்டு ராத்திரி கண்ணை விரித்து உட்கார்ந்து பார்த்தேன், ஒரு காட்டெருமைதான் வந்தது.

அவனும் நானும் ஒரே லாரியில் கிளீனர். அவன் மேலே தார்ப்பாயில் படுப்பான், நான் கீழே ஸ்டெப்னிக்குப் பக்கத்தில். எனக்குப் பேச்சு வரும், அவனுக்குக் கை வரும். ரிவர்ஸ் எடுத்தால் நூல் பிடித்த மாதிரி எடுப்பான். நான் பேசிப் பேசி, டீக்கடையில் பேசி, பைனான்ஸ் ஆபீஸில் பேசி, விற்கவே மாட்டேன் என்றவனை விற்க வைத்து முதல் டேங்கர் வாங்கினேன், வாங்கினதும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தது அவன். அந்தப் பூஜைக்கு எடுத்த போட்டோ. சந்தனம் வைத்த பம்பருக்கு முன்னால் இரண்டு பேரும், அவன் கை என் தோளில். இல்லை, போட்டோவுக்கு இப்போது போக வேண்டாம். லாரி ஒன்று மேடை ஏறுகிறது. எடைமேடைக் கூண்டுக்குள் இருக்கிற ரெஜினா அக்கா, நான் வரிசையில் சேர்ந்தபோதே ஜன்னலைத் தள்ளிவிட்டுக் கேட்டாள், "என்னண்ணா, டீசல் வண்டிக்கு இங்க என்ன வேலை? இது கேரட்டும் கோசும் ஏர்ற மேடை." டீசலையும் நிறுக்க வேண்டும் என்றேன். "லிட்டர்ல விக்கிறத கிலோவுல நிறுத்து என்ன பண்ணப்போறீங்க?" என்ன பண்ணப்போகிறேன். அக்கா, நான் அதைக் கேட்டிருக்க வேண்டியது நாலு வருஷத்துக்கு முன்னால். மலைப் பங்க்குக்கு எனக்கு அதுதான் முதல் லோடு. அதுவரை என் வண்டிகள் கீழேயே ஓடின, வெயிலில் ஏற்றி வெயிலில் இறக்குவது, இருபது லிட்டர் முப்பது லிட்டர் முன்னே பின்னே இருக்கும், ஆவியாகிவிட்டது என்பார்கள், சரி என்போம். பில்லில் அடர்த்தி என்று ஒரு கட்டம், அதில் எண்ணூற்று இருபது, எண்ணூற்று இருபத்தி நாலு என்று ஏதாவது இருக்கும். எட்டாம் வகுப்பை முடிக்காதவன் நான், அதை டெப்போக்காரன் தன் வசதிக்குப் போடுகிற வரிசை எண் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், ஒருத்தரிடமும் கேட்டதில்லை, கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே. தண்ணீர் ஆயிரம் லிட்டர் ஆயிரம் கிலோ, அது எனக்குத் தெரியும். டீசல் ஆயிரம் லிட்டர் எண்ணூற்று இருபது கிலோதான் என்பதும், குளிர்ந்தால் அதே ஆயிரம் லிட்டர் இடத்தில் எண்ணூற்று முப்பது கிலோ அடைந்துகொள்ளும் என்பதும் தெரியாது. உனக்குத் தெரியும். தினம் காலையில் டீசலில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அடர்த்தியை ரிஜிஸ்டரில் எழுதுகிறவன் நீ. இருபத்திரண்டு வருஷமாக வெயிலில் ஏற்றின டீசலைக் குளிரில் இறக்குகிறவன் நீ. எனக்குத் தெரியாமல் போனது மடத்தனம். உனக்குத் தெரிந்திருந்தது, அதற்கு என்ன பெயர்?

ஹாரன். என் முறை. மெதுவாக ஏற்றி, நடுவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கீழே இறங்கி ஒதுங்கி நின்றேன். மேடையின் இரும்பு ஒருமுறை முனகியது. முந்தாநாள் கீழே டெப்போ வாசலில் எடை போட்ட சீட்டு பையில் இருக்கிறது, எனக்கு ஒவ்வொரு சீட்டையும் மடித்து வைக்கிற பழக்கம், ஏமாந்து ஏமாந்து வந்த பழக்கம். பதினேழாயிரத்து நூற்று நாற்பது. அதில் வெறும் வண்டி ஏழாயிரத்து முந்நூறு, டீசல் ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது. ரெஜினா அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து படித்தாள், "பதினேழாயிரத்து தொண்ணூறு." ஐம்பது கிலோ குறைவு. அந்த நிமிஷம், சொல்லத்தான் வேண்டும், அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டது. பார்த்தாயா, குறைகிறது, எடையும் குறைகிறது, அப்படியென்றால் யாரோ எடுக்கிறார்கள், அப்படியென்றால் அன்றைக்கும் எடுத்திருப்பான், அப்படியென்றால் நான் செய்தது சரி. எவ்வளவு வேகமாக அந்த ஓட்டைக்குள் நுழைந்தேன். ஒரு நிமிஷம்கூட இல்லை, வெட்கம் பின்னாலேயே வந்தது. என் வண்டி தண்ணீர் குடித்தா மலை ஏறியது? அதன் சொந்த டேங்க்கில் கீழே முட்ட முட்ட நிரப்பினேன். சமதளம் நூற்றைம்பது கிலோமீட்டர், ஏற்றம் ஐம்பது, ஏற்றத்தில் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கொடுத்தாலே கும்பிடலாம். குனிந்து அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தேன். அறுபது லிட்டர் இறங்கியிருந்தது. அறுபது லிட்டர் எத்தனை கிலோ? போனில் தட்டினேன், நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு. ஐம்பது கிலோ அதுதான். என் வண்டி குடித்தது. பின்னால் உள்ள லோடு ஒரு கிலோகூட அசையவில்லை. ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது ஏற்றினேன், ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது நிற்கிறது. நீ சொன்ன அந்த நூற்றைம்பத்தொன்பது லிட்டரை ஒருவன் எடுத்திருந்தால் இன்னும் நூற்று முப்பது கிலோ சாய்ந்திருக்க வேண்டும்.

ஆனாலும் முழுசாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று, நீ காலையில் குழலைப் பார்த்துச் சொன்ன புள்ளி எண்ணூற்று முப்பத்தொன்றை எடுத்து, எடையை அதால் பெருக்கினேன். எட்டாயிரத்து நூற்று எழுபத்தேழு வந்தது. நாலாயிரம் லிட்டரை எவன் தின்றான்? போனை ஜன்னலில் நீட்டினேன். ரெஜினா அக்கா பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பெருக்கக் கூடாதுண்ணா, வகுக்கணும். கனம் கூடினா எடம் கம்மியாத்தான் புடிக்கும். கோசு இறுக்கமா இருந்தா மூட்டைக்கு எடை கூடும்ல, மூட்டை கம்மியாகும்ல, அதேதான்." வகுத்தேன். பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று. பன்னிரண்டாயிரத்திலிருந்து கழித்தால் நூற்று ஐம்பத்தொன்பது. நீ டிப் ராடில் விரலால் தொட்டுச் சொன்ன அதே எண். கீழே பில்லில் போட்ட புள்ளி எண்ணூற்று இருபதால் அதே எடையை வகுத்தேன், பிசகாமல் பன்னிரண்டாயிரம். மறுபடி போட்டேன். மறுபடி. பின்னால் கேரட் லாரிக்காரன், "அண்ணே, மேடைய வாங்கிட்டீங்களா?" என்று கத்தினான். இவ்வளவுதான். ஒரு வகுத்தல். கோசு மூட்டை கட்டுகிறவனுக்குத் தெரிந்த கணக்கு. அன்றைக்கு நூற்று எழுபத்து மூன்று, குளிர் இன்னும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் வந்த லோடெல்லாம் சூடு ஆறுமுன்னே அன்றன்றைக்கே இறங்கிவிட்டன, பெரிதாக எதுவும் குறையவில்லை. அந்த நூற்று எழுபத்து மூன்று லிட்டர் எங்கேயும் போகவில்லை, எந்தக் கேனிலும் இறங்கவில்லை, டேங்கருக்குள்ளேயே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தது. இல்லாத டீசலுக்காக நாம் இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் பேரம் பேசினோம்.

வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கிளப்பவில்லை. சீட்டுக்குப் பின்னால் என் டிப் ராடு, பித்தளை முனை, ஒவ்வொரு வளைவிலும் உருண்டு உருண்டு தட்டிக்கொண்டே வந்தது, இரண்டு ராத்திரியும் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன், சத்தம் வராமல் இருக்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீ அன்றைக்குப் போலீஸ் என்றாய். அங்கேதான் நான் என் வித்தையைக் காட்டினேன். போலீஸ் வேண்டாம் சார், குடும்பஸ்தன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீ இறங்கவில்லை. மலை முழுக்க உன் முதலாளிக்கு ஐந்து பங்க், அத்தனை லோடும் எனக்கு வரப்போகிறது, ஒரு டிரைவருக்காக அது கைநழுவிப் போகுமா? உன் முகத்தைப் பார்த்தேன், எதிராளி எதைப் பார்த்தால் மசிவான் என்று முகத்தைப் படிப்பதுதானே என் பிழைப்பு. சீல் அப்படியே இருக்குல்ல மொதலாளி என்று அவன் வாயைத் திறந்தான், "சீல ஒடைக்காம எடுக்க ஒங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று நீ சொன்னாய், நான் இந்த டிப் ராடை எடுத்தேன். தோளில். ஒரே அடி. கோபத்தில் அடித்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், எனக்குக் கோபம் அதிகம் என்று ஊருக்கே தெரியும், அதனால் எல்லாரும் நம்பினார்கள். கோபம் வருமுன்னே அடித்துவிட்டேன். உன்னை இறக்குவதற்காக அடித்தேன். நான் எவ்வளவு கறாரானவன் என்று நீ பார்க்க வேண்டும், பார்த்து, சரி விடுங்க என்று சொல்ல வேண்டும். நீ சொன்னாய். போலீஸிலிருந்து போர்டுக்கு இறங்கினாய். நல்ல விலைக்கு முடித்த மாதிரி எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "லே," என்றான், அவ்வளவுதான், அதற்குமேல் அந்த வாக்கியம் வரவில்லை. மலை இறங்கும்போது வண்டியை நான் ஓட்டினேன், அவன் கிளீனர் சீட்டில். ஜெயிலுக்குப் போகாம காப்பாத்தியிருக்கேன்லே என்றேன். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், எதிர்பார்த்தேன், கடைசி வளைவு வரைக்கும்.

போர்டு என்பது சும்மா பலகை என்று நீ நினைத்திருப்பாய். எங்கள் டேங்கர் உரிமையாளர் சங்க ஷெட்டில், டீ பாய்லருக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், 'இவர்களுக்கு வண்டி கொடுக்க வேண்டாம்'. ஒரு பெயர் ஏற இரண்டு கையெழுத்து வேண்டும், வண்டிச் சொந்தக்காரனும் சரக்கை வாங்குகிறவனும். இறக்கவும் அதே இரண்டு கையெழுத்து. போட்டோ கேட்டார்கள். என்னிடம் இருந்தது அந்தப் பூஜைப் போட்டோ ஒன்றுதான். கத்தரிக்கோலால் நானே வெட்டினேன், பாதியில் நான் என் பர்ஸுக்குள் வந்துவிட்டேன், பாதியில் அவன் போர்டுக்குப் போனான், என் தோளில் கிடந்த அவன் கை மணிக்கட்டோடு என் பக்கம் வந்துவிட்டது. பர்ஸைத் திறந்தால் இன்னும் கிடக்கிறது, நாலு விரல், யாருடையது என்றே தெரியாத மாதிரி. போன வருஷம் அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. "வண்டி குடுங்கன்னு கேக்க வரலண்ணே. அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துருங்க. அதுல அவுக சிரிச்சிக்கிட்டு நிக்காக." திருடன் போர்டில் இருக்கிற மற்ற மூஞ்சியெல்லாம் விறைத்துக்கொண்டு இருக்கும், அவன் ஒருத்தன்தான் சந்தனம் வைத்துக்கொண்டு சிரிக்கிறான், டீ குடிக்க வருகிற ஒவ்வொருத்தனும் திருடிட்டு எப்படிச் சிரிக்கான் பாரு என்று சொல்லிவிட்டுத்தான் கிளாஸை வைப்பான். மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டாரும்மா என்று உன் தலையில் போட்டு அவளை அனுப்பிவிட்டேன். உன்னிடம் நான் கேட்டதே இல்லை. அவன் இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறான், கல்யாண மண்டபங்களுக்கு. ஒரு லிட்டர் ஒரு கிலோ. கொஞ்சம் சிந்தினாலும் எவனும் கேட்க மாட்டான். வலது தோள் முழுசாகத் தூக்க வராதாம், ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்பையே திருப்புகிறான் என்று ஷெட்டில் ஒருத்தன் நடித்துக் காட்டினான், நானும் சிரித்தேன்.

உன் ஆள் ஒருத்தன் பங்க் வாசலில் நின்று இந்தப் பக்கம் கையை ஆட்டுகிறான். வருகிறேன். கையில் இரண்டு சீட்டு இருக்கிறது, கீழே போட்டது ஒன்று, மேலே போட்டது ஒன்று, ரெஜினா அக்காவின் முத்திரையோடு. வந்து நிறுத்துவேன், ஒரு சொட்டு இறங்காது. பேரம் பேசாதே, இன்றைக்கு நான் அதற்கு வரவில்லை, அவன் விஷயத்தில் என் பேரமெல்லாம் அன்றைக்கே முடிந்துவிட்டது. அலமாரியைத் திற. நாலு வருஷத்துக்கு முந்தின ரிஜிஸ்டரை எடு, தூசியைத் தட்டு, அந்தத் தேதிப் பக்கத்தைத் திற. அவன் வந்து நின்ற அந்தக் காலையில் குழலைப் பார்த்து உன் கையாலேயே எழுதின எண் அங்கே இருக்கும், நீ எழுதாமல் விட்டிருக்க மாட்டாய், அந்த அளவுக்கு நீ யோக்கியன். அதை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறு. கீழே ஷெட்டுக்கு வா, பாய்லருக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போடு, உன் பக்கத்தில் நான் போடுகிறேன், சட்டத்தைக் கழற்று. அங்கிருந்து அவன் வீட்டுக்கு வா. தோளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அந்த டிப் ராடை அவன் கையில் கொடுப்பேன், அவன் என்ன செய்தாலும் சரி, அது எனக்கும் அவனுக்கும் நடுவில், நீ அந்தப் பக்கம் பார்க்காதே. உன்னுடையது அந்த ஒரு வரி. இன்றைக்குக் காலையில் எனக்குச் சொன்னாயே, கோவிச்சுக்காதீங்க என்று ஆரம்பித்து, சிரித்த முகமாக, எடை அப்படியேதான் இருக்கும் என்று. அதே வரியை, அதே மரியாதையோடு, பேச்சித்தாய் கேட்கிற மாதிரி அவன் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லிவிட்டு அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வா, கீழே வெயில். ஏறு வண்டியில்.